காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்களும் வராதவர்களும்

கணக்கு வாத்தியார் கொடுத்துவைத்தவர். எந்த ஆட்சி வந்தாலும் ஏழும் ஐந்தும் பன்னிரண்டுதான். வரலாற்று வாத்தியார் பிழைப்பு அப்படியில்லை. செத்துப்போன ராஜாக்கள் சும்மா இருந்தாலும் உயிரோடு இருப்பவர்கள் நம்மைச் சும்மா இருக்க விடமாட்டார்கள். சாக்பீஸ் தூசியோடு இதையும் சேர்த்து விழுங்கிய சக வாத்தியார்களே, உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப் போவதில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் வேலை பார்த்தேன். எட்டாம் வகுப்புக்கு எங்கள் வட்டாரத்துக்கென்றே ஒரு துணைப்பாடப் புத்தகம் போட்டிருந்தார்கள். அதில் ‘நமது மலையும் மக்களும்’ என்று ஒரு பாடம். ரெண்டே பக்கம். என் தலைமுடி கொட்டியது அந்த ரெண்டு பக்கத்தால்தான்.

முதல் நாள் பாடம்

‘முற்காலத்தில் இம்மலைவாழ் மக்கள் இலை தழைகளை உடுத்தி, வேட்டையாடித் திரிந்தனர்’ என்று பாடம் ஆரம்பிக்கும். நானும் குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன். பிள்ளைகள் சத்தமே போடாமல் கேட்டார்கள். நன்றாக நடத்துகிறேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் வகுப்பில் நானும் பெஞ்சுகளும் மட்டும்தான்.

மத்தியானம் நாட்டான் வந்தார். சுற்றுவட்டத்து ஊர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். பஞ்சாயத்து, கல்யாணம், திருவிழா எல்லாம் அவர் சொன்னால்தான் நடக்கும். அவர் மகள் பழனியம்மா என் வகுப்பில் படித்தாள். அந்தச் சுற்றுவட்டத்திலேயே எட்டாம் வகுப்பு வரை வந்த முதல் பெண். அடுத்த வருஷம் திருப்பத்தூர் ஆஸ்டலில் தங்கி ஒன்பதாவது சேரவேண்டும், பிறகு நர்ஸ் ஆகவேண்டும் என்று ஒரே பிடிவாதமாக இருந்தவள். அவளையும் அன்றைக்கு வீட்டில் நிறுத்திவிட்டிருந்தார். நான் புத்தகத்தைக் காட்டி, அச்சில் இருப்பதைத்தான் படித்தேன் என்றேன். அவர் புத்தகத்தைக் கையால்கூடத் தொடவில்லை.

“நாங்க காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தவங்க வாத்தியாரே. பட்டு நெய்யற ஊர்லேர்ந்து வர்றவன் எலையக் கட்டிகினா வருவான்?”

ஜீப்பில் வந்த திருத்தம்

விஷயம் அடிவாரத்து ஆலங்காயத்துக்கு எட்டிவிட்டது. அங்கே முனிரத்தினம் என்று ஒரு கட்சிக்காரர். கட்சியில் என்ன பதவி என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் ஜீப் இருந்தது. மலையேறி வந்து, பள்ளிக்கூடத்து வாசலிலேயே ஊரைக் கூட்டிவிட்டார். மலை மக்களைக் காட்டுமிராண்டி ஆக்குவது எதிர்க்கட்சியின் சதி என்றார். இவர்கள் காஞ்சி மன்னனின் படைத்தலைவர்களுடைய வாரிசுகள் என்றார். நாட்டானே படைத்தலைவர் விஷயத்தை அன்றைக்குத்தான் முதலில் கேள்விப்பட்டார். ஆனாலும் கூட்டத்தில் எழுந்து, “ஆமா, காஞ்சிபுரம்தான்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கைதட்டல் மலையில் எதிரொலித்தது.

முனிரத்தினம் எங்கே போய் யாரைப் பிடித்தாரோ, கொஞ்ச நாளில் புதுப் பாடம் சைக்ளோஸ்டைல் தாளில் வந்து சேர்ந்தது. பழைய பக்கத்தின் மேல் ஒட்டிவிட்டு நடத்தவேண்டுமாம். மலையில் பசைக்கு எங்கே போவது? கேழ்வரகுக் கூழைக் கெட்டியாகக் காய்ச்சி, எல்லாப் புத்தகத்திலும் ஒட்டினோம். படைத்தலைவர் என்பதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று முனிரத்தினத்திடம் மெதுவாகக் கேட்டேன். அவருக்கு என் மேல் பரிதாபமே வந்துவிட்டது.

“கூட்டத்துல எவ்ளோ கைதட்டுனாங்கன்னு பாத்தீங்க இல்ல சார், அதுக்கு மேல இன்னா ஆதாரம் வேணும் உங்களுக்கு?”

ஆடி மாதத் தவறு

பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பழனியம்மாவும் வந்தாள். இனிமேல் வம்பில்லை என்று, ஆடி மாதம் புதுப் பாடத்தை எடுத்தேன். காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பிகள் புறப்பட்ட கதை, வழியில் சாமியைச் சுமந்து வந்த கதை, மலையைப் பங்கு பிரித்துக்கொண்ட கதை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். பாதியிலேயே பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பழனியம்மா, “சார், வேணாம் சார்” என்று கெஞ்சினாள். சரி, சொந்தப் பெருமையைக் கேட்கக் கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்துத் தொடர்ந்தேன். மறுநாள் மறுபடியும் பெஞ்சுகளும் நானும்.

எனக்கு அழுகை வராத குறை. பொய்யைப் படித்தால் பிள்ளை வராது, அவர்கள் சொன்னதையே படித்தாலும் பிள்ளை வராது என்றால் மனுஷன் என்ன செய்வான்? தலைமை ஆசிரியர் வேறு, பிள்ளைகள் இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தையே மலையிலிருந்து கீழே இறக்கிவிடுவார்கள் என்று பயமுறுத்தினார். நேரே நாட்டான் வீட்டுக்குப் போனேன். சாமை விதைத்துவிட்டால் அறுக்கிற வரை, காஞ்சியிலிருந்து வந்த கதையை யாரும் வாய்திறந்து சொல்லக்கூடாதாம். சொன்னால் மழை நின்றுவிடும் என்பது அங்கே கட்டுப்பாடு. அறுவடை முடிந்து சாமிக்குப் பொங்கல் வைத்த பிறகுதான் சொல்லலாம். பாடத்திட்டம் போட்டவர்களுக்குச் சாமை எப்போது விதைப்பது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. கார்த்திகைக்கு மேல் நடத்துகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். நாட்டான் முகம் தெளிந்து, எனக்குத் தேன் கொடுத்து அனுப்பினார்.

“கதை சரிதான் வாத்தியாரே. மாசந்தான் தப்பு.”

புது வேட்டி

பிள்ளைகள் திரும்பினார்கள், அந்தப் புத்தகங்கள் மட்டும் அலமாரிக்குள் கிடந்தன. கார்த்திகையில் நல்ல மழை, ஜீப்கூட வரவில்லை. மார்கழியில் தேர்தல் வந்து போனது. அதற்குப் பிறகு ஒருநாள் முனிரத்தினம் மறுபடியும் வந்து இறங்கினார். ஜீப் அதேதான், வேட்டிக் கரை வேறு. மலை மக்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் என்று சொல்வது எதிர்க்கட்சியின் சதி என்றார். இவர்கள் இந்த மண்ணின் ஆதிகுடிகள், காஞ்சிபுரக் கதையை இன்றைக்கே கிழித்தெறியவேண்டும் என்று மேஜையைத் தட்டினார்.

அவரைச் சமாதானப்படுத்தத் தலைமை ஆசிரியர் அலமாரியைத் திறந்தார். எங்களுக்கு முன்னால் எலிகள் வேலையை முடித்துவிட்டிருந்தன. கேழ்வரகு ருசிக்கு ஒட்டிய தாளைச் சுத்தமாகத் தின்று, அடியில் இருந்த பழைய பாடத்திலும் பாதியைக் கடித்திருந்தன. படைத்தலைவர்களும் இல்லை, இலை தழையும் இல்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. படைத்தலைவர் வாரிசு என்று இதே வாசலில் நின்று நீங்கள்தானே பேசினீர்கள் என்று கேட்டேவிட்டேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

“அது போன வருஷத்து வரலாறு சார். இன்னுமா அதையே பேசிகினு இருக்கறீங்க?”

தாலுகா ஆபீஸ்

சித்திரையில் பழனியம்மா தேறிவிட்டாள். ஆஸ்டலில் இடம் வேண்டுமானால் பழங்குடி என்று சாதிச் சான்றிதழ் வேண்டும். அப்பா, மகள், துணைக்கு நான், மூன்று பேரும் திருப்பத்தூர் போனோம். தாசில்தார் நாட்டானை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் பாடச் சண்டை தாலுகா முழுக்கத் தெரிந்திருந்தது. “காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தவங்கன்னு கூட்டத்துல நீங்களே சொன்னீங்களாமே? சமவெளியிலேர்ந்து வந்து குடியேறுனவங்கன்னா அப்புறம் எப்படிப் பழங்குடி?” என்று கேட்டார்.

நான் குறுக்கே புகுந்து, ஆராய்ச்சி அது இது என்று ஏதோ உளறினேன். தாசில்தார் கையமர்த்தினார். பதில் நாட்டானே சொல்லவேண்டுமாம். பழனியம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தப்பான மாதத்தில் சொன்னதற்கே பள்ளிக்கூடத்தைக் காலிசெய்த மனுஷர், துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். “நாங்க எங்கேர்ந்தும் வர்லீங்க. மலையிலயே இருந்தவங்க. காஞ்சிபுரம் எந்தப் பக்கம் இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க” என்றார். கையெழுத்து ஆயிற்று. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

திரும்பும்போது ஆலங்காயம் பஸ்ஸில் பழனியம்மா முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சான்றிதழை நாலாக மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். நாட்டான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மலை கண்ணில் பட்டதும், மகளுக்குக் கேட்காதபடி என் காதருகே குனிந்தார்.

“பொண்ணு படிச்சி வேலைக்குப் போற வரைக்கும் நாங்க இங்கயே மொளைச்சவங்களா இருக்கறோம் வாத்தியாரே. அப்பறமா காஞ்சிபுரத்துலேர்ந்து வந்துக்கறோம்.”

வரலாறு என்றால் நடந்ததை நடந்தபடி சொல்வது என்று அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஜூன் மாதமும் கரும்பலகையில் எழுதிப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன், சம்பளம் வாங்குகிறோமே.