போன வெள்ளிப் பிரதி

ஜின், பேய் என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். கணினி வேலை பார்க்கிறவன், எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்பேன். இதற்கு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை, நம்பினால் நம்புங்கள்.

முசலிப் பக்கம் மீளக்குடியேறிய சனங்களின் காணி உறுதிப் பத்திரங்களை ஸ்கேன் செய்து தரவுத்தளத்தில் சேர்ப்பதுதான் எங்கள் கந்தோரின் வேலை. வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் போகுமுன் பிரதியெடுக்கிற பேக்கப் பொத்தானை அழுத்திவிட்டுப் போவேன். தொழுது திரும்ப அது முடிந்திருக்கும்.

ஒரு புதன்கிழமை அரிப்பு ஊரிலிருந்து சகீனா உம்மா வந்தார். இடம்பெயர்ந்த காலம் முழுக்கத் தகரப் பேணிக்குள் சுருட்டி வைத்திருந்த உறுதி, விரிக்க விரிக்கச் சுருண்டது. முதல்நாள் மீன் வெட்டும்போது அறுத்துக்கொண்டு பிளாஸ்டர் ஒட்டியிருந்த விரலால் ஓரத்தை அழுத்திப் பிடித்து ஸ்கேன் செய்தேன். எடுக்கும்போது கடதாசி பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது.

"பயப்படாதீங்கோ உம்மா, கொம்பியூட்டர்ல பத்திரமா இருக்கு."

"வாப்பாட காணிக்கு வேற ஒண்டும் இல்ல மகன்."

அந்த வெள்ளி கரண்ட் போயிருந்தது, வந்து பேக்கப் போடலாம் என்று பள்ளிக்குப் போனேன். திரும்பி வந்தால் கரண்ட் வந்திருக்கிறது, மனேஜர் என் கதிரையில் இருக்கிறார். உதவி செய்தாராம்! பேக்கப்புக்குப் பக்கத்தில் இருக்கிற, பழைய பிரதியை மீட்கிற ரீஸ்டோரை அழுத்தி, போன வெள்ளிப் பிரதியைத் தெரிவுசெய்து, இருந்ததன்மேல் எழுதவும் சம்மதம் கொடுத்திருக்கிறார். ஒரு கிழமை வேலை அப்படியே அழிந்துபோனது.

"என்ன சேர் செய்தனீங்கள்?"

"ஏதோ கேட்டுது, ஓம் எண்டு அமத்தினன். அந்த மனுசியை வேற உறுதி கொண்டுவரச் சொல்லும்."

வேற உறுதி! கடையில் விற்கிற சாமானா அது? "அது தூளாப் போச்சு சேர்!" என்று கந்தோர் அதிரக் கத்தினேன். அவர் செய்த நாசத்தை அவருக்கே காட்டுவதற்காகச் சகீனா உம்மாவின் பெயரைத் தேடினேன். வந்தது. அந்தக் கிழமை பதிந்த வேறு ஒருவரும் இல்லை, அவர் மட்டும் இருந்தார்.

"பாத்தீரா, சும்மா கத்துறீர்" என்று மனேஜர் எழும்பிப் போனார். உம்மாவுக்குக் காணி கிடைத்துவிட்டது. அந்த மனிதர் இன்றுவரை ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை, நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு அதே பிரதியை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தேன். அங்கேயும் உம்மா இருக்கிறார். பிரதிக் கோப்பின் திகதியோ உம்மா வருவதற்கு ஐந்து நாள் முந்தியது. ஸ்கேனைப் பெரிதாக்கினேன். ஓரத்தில் என் விரல், பிளாஸ்டரோடு.

அந்தப் பிரதி எடுத்த வெள்ளிக்கிழமை என் விரலில் காயமே இல்லை.