இல்லை என்று அமத்திய பட்டன்

பர்ஹானா மௌத்தாகிவிட்டாள். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு என் தங்கச்சி கோல் எடுத்துச் சொன்னாள், உயிர் போய்விட்டது என்று. நற்பிட்டிமுனை பர்ஹானா... கொம்பியூட்டர் பர்ஹானா. கொஞ்ச நாளாக வருத்தமாம், ஆஸ்பத்திரியில் இருந்தாளாம். எனக்குத் தெரியாது.

காலையிலிருந்து எல்லோரும் இந்த வட்ஸ்அப் குரூப்பில் அவளைப் பற்றி நல்ல பிள்ளை, கெட்டிக்காரி என்று எழுதுகிறீர்கள். உண்மைதான். கெட்டிக்காரிதான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் எனக்குத் தெரிந்த பர்ஹானாவை நானும் எழுதத்தான் வேண்டும்.

சுனாமி வந்த அடுத்த வருஷம். நாங்கள் கல்முனையில் முகாமில் இருந்தோம். வீடு கட்டித் தர வந்த ஒரு நிறுவனம் முகாம் வாசலில் ஒபிஸ் போட்டது. அதில் பர்ஹானா கொம்பியூட்டர் புரோகிராம் எழுதுகிறவள். பக்கத்துக் கதிரை எனக்கு. பொம்பிளைகள் வந்தால் திரையில் வருவதை வாசித்துச் சொல்ல வேண்டும், அவர்கள் சொல்கிற பட்டனை அமத்த வேண்டும். அதுதான் என் வேலை.

முதல் கிழமையே ஒருத்தி புருஷனைத் தேடி வந்தாள். வேறு முகாமில் பதிந்திருக்கிறாரா என்று பார்க்கச் சொன்னாள். பர்ஹானா பெயரைத் தட்டினாள். ஒரு சின்னப் பெட்டி வந்தது... சிவப்பு வட்டம், உள்ளே பிழை போடுகிற மாதிரி வெள்ளைப் புள்ளடி. "பதிவு இல்லை."

புள்ளடியைக் கண்டதும் ஆள் முடிந்துவிட்டார் என்று நினைத்து அந்த மனுஷி நிலத்திலேயே குந்திவிட்டாள்.

பின்நேரம் பர்ஹானா கேட்டாள், "நீங்க எண்டா என்னண்டு சொல்லுவீங்க ராத்தா?"

கொஞ்சம் பொறுங்க, தேடிப் பார்க்கிறோம் என்று சொல்வேன் என்றேன். அப்படியே எழுதினாள். புள்ளடியை எடுத்துவிட்டு நீல வட்டம் போட்டாள். என் வாயில் வந்த சொல் திரையில் நின்றது... ஆசைக்கு நாலைந்து தரம் தட்டிப் பார்த்தேன்.

"போதும் ராத்தா, தேஞ்சிடும்" என்று சிரித்தாள்.

பெட்டி செய்வதை எனக்கும் காட்டித் தந்தாள். மேலே தலைப்பு, நடுவில் கேள்வி, பக்கத்தில் ஒரு படம், கீழே பட்டன். ஒரு பட்டன் முதலே வெளிச்சமாக இருக்கும், கை தவறி என்டர் பட்டால் அதுதான் அமத்தினதாகப் போகும். அமத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பின்னால் தனியாக எழுத வேண்டும், எழுதாவிட்டால் பெட்டி சும்மா மூடிப்போகும் என்றாள். அது அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. கடற்கரையில் வீடு இருந்த வளவை விட்டுக்கொடுத்து, உள்ளே வயல் பக்கம் கட்டும் வீட்டை எடுக்கச் சம்மதமா? கீழே ஓம்... இல்லை.

எங்கள் பக்கம் வளவு பெண்பிள்ளைக்குத்தான். என் உம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வளவு அது. நான் என் மகள் சுமையாவுக்கு வைத்திருந்தேன். சுமையாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. இன்றுவரை கிடைக்கவில்லை. அடக்கிய கப்றுக்குழி என்று ஒன்று இல்லாத பிள்ளை... போய் நின்று துஆக் கேட்க அந்த வளவுதான் இருந்தது.

அதனால் பர்ஹானாவிடம் கேட்டேன். யாரும் கை தவறி வளவை இழந்துவிடக் கூடாது, இல்லையை வெளிச்சமாக வை என்று.

"அதுதான் சரி ராத்தா" என்றாள். வைத்தாள்.

எங்கள் ஒழுங்கையில் வீடு இருந்தவர்களில் அநேகம் பேர் இல்லை என்றார்கள். நான் வாசித்தேன், அமத்தினேன். எனக்கும் இல்லை என்று நானே அமத்தினேன். அவள் பக்கத்தில்தான் இருந்தாள், பிளேன்டி குடித்துக்கொண்டு.

வயல் பக்கத்து வீடுகள் முடிந்ததும் கதவுத் திறப்பை வாங்கிப்போக வரச்சொன்னார்கள். நாங்கள் வேண்டாம் என்றோமே என்று கேட்டதற்கு, எல்லோரும் ஓம் என்றுதான் பதிந்திருக்கிறது என்றார் நிறுவனத்து ஐயா. ஒழுங்கைச் சனம் முழுக்க என்னைத்தான் திரும்பிப் பார்த்தது.

"நீதானே வாசிச்சாய். நீதானே அமத்தினாய்." முன்வீட்டு மைமூன் மச்சி சொன்னது. அதற்குப் பிறகு அவ என்னோடு கதைக்கவில்லை.

அப்போதும் நான் பர்ஹானாவை நினைக்கவில்லை. மெஷின் பிழை என்றுதான் நினைத்தேன். அவளைக் குறை சொன்னவர்களோடு சண்டைகூடப் பிடித்தேன்.

யுத்தம் முடிந்த வருஷம் எங்கள் வளவைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. யாரோ வெளியூர் ஆள் ஹோட்டல் கட்டப் போகிறாராம். எங்கள் கிணறும் வேலிக்குள் போய்விட்டது. அன்றே நற்பிட்டிமுனைக்குப் போய் அவளிடம் கேட்டேன்.

மடியில் கிடந்த பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "இல்லைக்குப் பின்னால நான் ஒண்டும் எழுதல்ல ராத்தா. எல்லாப் பேருக்கும் முதலே ஓம் எண்டு போட்டிருந்தது, எதை அமத்தினாலும் அதுதான் நிக்கும். அப்பிடித்தான் செய்யச் சொன்னாங்க."

"அப்ப என்னத்துக்குடி அந்தப் பட்டன்?"

"சனத்துக்கிட்ட கேட்ட மாதிரி இருக்கணும் எண்டாங்க."

தேத்தண்ணி ஊற்றி வைத்தாள். குடிக்காமல் வந்துவிட்டேன். அதுதான் கடைசி.

வேலை போய்விடும் என்று பயந்திருப்பாள். அது எனக்கு விளங்கும். ஆனால் இல்லையை வெளிச்சமாக வை என்று நான் சொன்னபோது, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வைத்தாளே... அதுதான் விளங்கவில்லை.

லுஹர் தொழுகைக்கு முந்தி அவளுடைய உம்மா கோல் எடுத்தா. ஜனாஸாவை அடக்க எடுப்பதற்கு முன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். என்னிடமும் கேட்டா.

"பர்ஹானா உனக்கு ஏதும் குறை செஞ்சிருந்தா மன்னிச்சிடு மகள். ஓம் எண்டு ஒரு சொல் சொல்லு."

ஓம் என்று வாய்வரை வந்தது. இல்லை என்றும் வந்தது.

"கொஞ்சம் பொறுங்க மாமி" என்றேன்.

அஸர் தொழுகையோடு அடக்கிவிட்டார்களாம். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

போ பர்ஹானா... உன் கப்றில் வெளிச்சம் இருக்கட்டும்.