உலகம் சுற்றப் போய் மண் தின்ற கதை

நாக்கில் தினமும் ஒரு சிட்டிகை புற்றுமண் போட்டுக்கொண்டால் உலகத்தின் எந்த அழுக்கும் என்னை அண்டாது என்று நான் நம்பினேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அல்ல, போன வருடம்தான். மூக்குக் கண்ணாடி மாட்டி, சர்க்கரைக்கு மாத்திரை போட்டு, மீசைக்குச் சாயமும் பூசத் தொடங்கிய பிறகு நம்பினேன். எங்கள் ஊர்க் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். சொறி சிரங்கு என்றால் குழைத்துப் பூசுவார்கள், வயிற்றுக் கோளாறு என்றால் துளி எடுத்து நாக்கில் வைப்பார்கள். வழக்கம் சொன்னது துளி. ஓர் எவர்சில்வர் டப்பா நிறைய என்று முடிவு செய்தது என் சொந்த மூளை.

இவ்வளவு பயம் எதற்கு என்றால், தொழில் அப்படி. சங்கரன்கோவிலில் பைப், குழாய், கக்கூஸ் பேசின் விற்கிற கடை வைத்திருக்கிறேன். காலையில் கடையைத் திறந்து டீயை வாயில் வைக்கும்போதே யாராவது வந்து தன் வீட்டு அடைப்பை நிறம், மணம் விடாமல் வர்ணிப்பார்கள். கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்கு மரத்துப்போயிருக்கும். எனக்கு மட்டும் வருடத்துக்கு வருடம் அருவருப்பு கூடியது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் வீடு வரும்வரை அந்தக் கையை உடம்பில் படாமல் தூக்கிக்கொண்டே வருவேன். எதிரில் வருகிறவர்கள், "என்ன அண்ணாச்சி, கை சுளுக்கா?" என்று விசாரிப்பார்கள்.

என் மனைவி நேர் எதிர். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். வகுப்பில் இருந்த உலக உருண்டையில் இவள் விரல் பட்டுப் பட்டே அமெரிக்காவில் பாதி அழிந்துபோயிருந்தது. நேரில் பார்த்த கடல் என்றால் திருச்செந்தூரும் தூத்துக்குடியும்தான். ஓய்வு பெற்ற அன்று, கழுத்து மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, "உலகத்தச் சுத்தணும்" என்றாள்.

"சுத்திருவோம். சிங்கப்பூரு, மலேசியா..."

"அது போயிட்டு வாரது. நான் சொல்லுதது சுத்துதது. மேக்க பாத்துக் கெளம்பணும். நடுவுல எங்கயும் திரும்பக் கூடாது. போயிக்கிட்டே இருந்து கெழக்க இருந்து ஊருக்குள்ள வரணும். பூமி உருண்டை உருண்டைன்னு இத்தன வருசம் பிள்ளைகள்ட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். நான் ஒருக்கா பாக்காண்டாமா?"

எனவே நாங்கள் புளியங்குடி, செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறினோம். "மதுரை பக்கத்துலதான இருக்கு" என்று நான் சொன்னதற்கு, "மதுர வடகெழக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். கிளம்பும்போது என் பெட்டியில் மூன்று பாதுகாப்புகள் இருந்தன: ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மக், ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய், அந்தப் புற்றுமண் டப்பா.

ரோமாபுரியில் முதல் அடி விழுந்தது. அறைக் கழிப்பறை பளிங்கில் இழைத்திருந்தது. பேசின் என்ன பேசின்! எங்கள் கடையில் வைத்தால் தினமும் துடைத்து வைப்பேன், விற்கவே மாட்டேன். ஆனால் பக்கத்தில் குழாய் இல்லை. சுவரைத் தடவினேன், பின்னால் குனிந்தேன், கீழே முழங்கால் போட்டுத் தேடினேன். ஒரு காகிதச் சுருள் மட்டும் தொங்கியது. இத்தனை கோபுரம் கட்டிய ஜனம் துடைத்துவிட்டுப் போகிறது! அதற்குப் பிறகு தெருவில் கோட்டும் டையுமாக யார் கை நீட்டினாலும் நான் கும்பிட்டேன். பண்பாடு என்று அவர்கள் மகிழ்ந்தார்கள். எனக்குத்தானே தெரியும்.

கடையைப் பார்த்துக்கொண்ட தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஏலே, இங்கன கக்கூசுல தண்ணியே கெடையாதுலே."

"அப்பம் நம்ம கடைக்கு அங்கன ஒரு பிராஞ்ச் போட்டுருவோம்ணே."

"வெளையாடாதலே. எனக்குக் கொமட்டிக்கிட்டு வருது."

"மக்கு கொண்டு போனியள்லா? பொறவு என்ன?"

மக் இருந்தது. ஆனால் அதே ஊரில் ஊறுகாய் பாட்டில் மூடி கழன்று, எண்ணெய் வழிந்து, புற்றுமண் டப்பாவுக்குள் இறங்கிவிட்டது. மண் கறுத்துக் களியாகிவிட்டது. புளிப்பும் பெருங்காயமும் சேர்ந்து, மழையில் நனைந்த சாக்கு மாதிரி ஒரு வாடை. பாட்டிலைத் தூர எறிந்தேன், பிரசாதத்தை எறியலாமா? மறுநாளும் கண்ணை மூடிக்கொண்டு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். "ஊருக்குத் திரும்பிருவோமா?" என்றேன். மனைவி தலையணையை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

பாரிஸில் ஒரு விடுதி. காலையில் எழுந்தால் முழங்கையிலிருந்து தோள்வரை தடிப்பு தடிப்பாக வரிசை கட்டி நிற்கிறது. குஷ்டமோ, இங்குள்ள சூனியமோ, மண்ணை ஊறுகாயோடு தின்றதால் நாகர் கோபமோ என்று மூன்றையும் ஒரே நேரத்தில் நினைத்தேன். மனைவி மெத்தையின் ஓரத்தைத் தூக்கி, எதையோ விரல் நுனியில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள்.

"மூட்டப்பூச்சி. என்ன கொழுப்பா இருக்கான் பாருங்க. உங்க ரத்தம்லா."

எவன் எவன் ரத்தமோ குடித்த பூச்சி என்னையும் குடித்திருக்கிறது. ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். எங்கள் கோயிலில் வீட்டில் பாம்பு, பல்லி, தேள் தொல்லை இருந்தால் அந்த உருவம் பதித்த தகடு வாங்கி உண்டியலில் போடுவார்கள். நான் குளியலறையிலேயே, சோப்பு நுரையோடு, வெள்ளியில் மூட்டைப்பூச்சி செய்து போடுவதாக வேண்டிக்கொண்டேன். வெளியே வந்து உடனே சொன்னேன்:

"ஏட்டி, போதும். ஊருக்குப் போயிருவோம்."

அவள் சட்டைகளை உதறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சரி, போங்க. தனியாப் போகத் தெரியும்லா? நான் மேக்க போறேன். கெழக்க இருந்து வரும்போது போன் பண்ணுதேன், பஸ் ஸ்டாண்டுல வந்து நில்லுங்க."

"வெளையாட்டாச் சொல்லுதியாட்டி?"

"நீங்க ரோமுல ஒருக்கா சொன்னிய, இங்கன ஒருக்கா சொல்லிட்டிய. இன்னொரு மட்டம் 'திரும்பிருவோம்'ங்கற வார்த்த உங்க வாயில வந்துச்சு, நம்ம ரெண்டு பேருக்கும் வேற வேற பிளேன்."

அவள் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வகுப்பில் கத்துகிற டீச்சருக்கு எந்தப் பிள்ளையும் பயப்படுவதில்லை. அன்றிலிருந்து என் குமட்டலை எல்லாம் நானே விழுங்கக் கற்றுக்கொண்டேன். அமெரிக்காவில் ஓர் அம்மாள் தன் நாய்க்கு ஐஸ்கிரீமை நக்கக் கொடுத்து, அதே குச்சியில் தானும் நக்கினாள். நான் வானத்தைப் பார்த்தேன். நீலப் பூசணம் படிந்த பாலாடைக்கட்டியை விருந்து என்று தட்டில் வைத்தார்கள். எங்கள் வீட்டில் அப்படிப் பூத்திருந்தால் பாத்திரத்தையே வெளியே வைத்துவிடுவோம். "நல்லாருக்கு" என்றேன். என் மனைவி ஒவ்வோர் ஊரிலும் சூரியன் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்து, "இன்னும் மேக்கதான் போயிக்கிட்டிருக்கோம்" என்று சந்தோஷப்பட்டாள்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் நியூசிலாந்து விமானம் ஏறினோம். அவள் வாழ்நாளெல்லாம் காத்திருந்த பயணம் இது. பசிபிக் நடுவே தேதிக் கோட்டைத் தாண்டும்போது நாள்காட்டியில் ஒரு நாள் காணாமல் போகும். தாண்டியதும் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "இனிமே திரும்புனாத்தான் தூரம்" என்றாள். பிறகு நிம்மதியாகத் தூங்கிவிட்டாள்.

இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு, ஆம்லெட் வாடை சுற்றிச் சுற்றி வருகிற நேரம், எதிரே திரையில் ஒரு படம் போட்டார்கள். பழம், விதை, இறைச்சி, கடைசியில் சேறு ஒட்டிய ஒரு பூட்ஸ். மண்! அதன்மேல் சிவப்பாக ஒரு குறுக்குக் கோடு. அடுத்து, பெட்டிகளை மோப்பம் பிடிக்கிற ஒரு நாய். மண் கொண்டுவந்தால் சொல்ல வேண்டும், மறைத்தால் தண்டனை என்று குரல் சொன்னது. எனக்குத் 'தண்டனை' மட்டும் கேட்டது.

அடுத்த நொடியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். நாய் என் கைப்பையைக் கவ்வுகிறது. விலங்கு மாட்டுகிறார்கள். வந்த விமானத்திலேயே, வந்த வழியே, கிழக்கு நோக்கித் திருப்பி அனுப்புகிறார்கள். மேற்கே போய் மேற்கிலிருந்தே ஊர் திரும்பிய டீச்சர் என்று அவளை ஊர் பார்க்கிறது. வட்டம் போச்சு. அவள் என்னோடு சண்டைகூடப் போட மாட்டாள். உருண்டையைத் துணி போட்டு மூடிவிட்டு, சமையலறைக்குள் போய்விடுவாள்.

டப்பா காலடியில் இருந்த கைப்பையில்தான் இருந்தது. எழுப்பிச் சொல்லலாம் என்றால், பாரிஸ் எச்சரிக்கை காதில் ஒலித்தது. எடுத்துக்கொண்டு விமானக் கழிப்பறைக்குள் போனேன். தரையில் ஈரம், என்ன ஈரம் என்று கேட்கக் கூடாத ஈரம். பேசினைத் திறந்தேன், டப்பாவைத் திறந்தேன். கை வரவில்லை. கோயில் புற்றுமண்ணைக் கக்கூஸில் கொட்டவா? அதுவும் பேசின் விற்கிற நான்? குப்பைத் தொட்டியைப் பார்த்தேன். மேலே ஒரு குழந்தையின் டயப்பர் சுருண்டு கிடந்தது. மூடினேன். பிரசாதம் சுத்தமாகப் போகக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தோன்றியது. அதையும் அங்கே நின்று செய்ய முடியாது. நாற்றத்துக்குள் நின்று பிரசாதம் தின்ன நான் இன்னும் அவ்வளவு கெட்டுப்போகவில்லை.

இருக்கைக்குத் திரும்பி, போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு, தின்றேன்.

முதல் வாயில் நார்த்தங்காய்க் காரம் வந்தது. இரண்டாவதில் நறநற. மூன்றாவதில் எண்ணெய் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, தொண்டை மூடிக்கொண்டது. வாயில் எச்சில் வற்றி, மண் சாந்து மாதிரி இறுகுகிறது. விரலால் பல் இடுக்கைத் தோண்டி விழுங்கினேன். எதுவோ ஒன்று கால் காலாக நாக்கில் தட்டுப்பட்டது. எறும்பு என்று சொல்லிக்கொண்டேன், கடுகு என்று சொல்லிக்கொண்டேன், எதுவும் ஆறுதலாக இல்லை. ரோமில் குமட்டியது, பாரிஸில் குமட்டியது எல்லாம் இதற்கு முன்னால் சந்தனம். போர்வை ஓரத்தைத் தூக்கினேன். மனைவிக்கு அந்தப் பக்கத்து இருக்கையில் ஒரு கனத்த வெள்ளைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாக்லேட்?" என்று கேட்டார்.

தலையாட்டினேன். புன்னகை செய்திருக்கக் கூடாது. பல்லைப் பார்த்துவிட்டு அவர் தன் ஆம்லெட்டை மூடி வைத்தார்.

டப்பாவைத் துடைத்து நக்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவிக் குடித்து, சாட்சியை அழித்தேன். மனைவி விழித்தபோது நான் ஜன்னல் பக்கம் முகம் திருப்பி, வாயைக் கர்ச்சீப்பால் பொத்தியிருந்தேன்.

"என்ன, காது அடைக்குதா?"

"ம்."

இறங்கினோம். வரிசையில் நின்றோம். அந்த நாய் வந்தது. என் காலைச் சுற்றி, வயிற்றை அண்ணாந்து பார்த்து, போய்விட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் சீருடையில் ஒரு பெண். உணவு, விதை, மண் ஏதாவது உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் வாயைத் திறக்காமல் தலையை இடமும் வலமுமாக வேகமாக ஆட்டினேன். என் மனைவி கைப்பையைத் திறந்து, ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"மண். எங்க ஊர்க் கோயில் மண்" என்று ஆங்கிலத்தில், வகுப்பில் சொல்கிற மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

அவளும் ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருந்தாள் என்பது அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. அந்தப் பெண் அதை ஒரு தொட்டியில் போட்டாள். சொன்னதற்கு நன்றி என்றாள். நல்லபடியாகச் சுற்றிப் பாருங்கள் என்றாள். நாங்கள் நகரலாம்.

கதவைத் தாண்டியதும் மனைவி கேட்டாள்:

"உங்க டப்பா எங்க? அத நீங்களே எடுத்துக் குடுப்பியன்னுல்லா நெனச்சேன்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் பல்லைப் பார்த்தாள்.

"அடப் பாவி மனுசா! தின்னுட்டியளா?"

நடைபாதையிலேயே பெட்டிமேல் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கேட்டா குடுத்துட்டு வரவேண்டியதுதான, அதுக்கு யாராது திம்பாகளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் எதற்காகத் தின்றேன் என்று அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரிப்பு நின்றிருக்கும்.

நியூசிலாந்தில் மலை, ஏரி, ஆட்டு மந்தை எல்லாவற்றையும் அவள் மட்டும்தான் பார்த்தாள். நான் சிவப்பு மக்கோடு விடுதிக் கழிப்பறையில் இருந்தேன். எங்கே கொட்டக் கூடாது என்று அவ்வளவு பாடுபட்டேனோ, அந்த மண் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. பிறகு சிங்கப்பூர், சென்னை, தூத்துக்குடி. கோவில்பட்டியிலிருந்து இளையரசனேந்தல் வழியாக, கிழக்கேயிருந்து, காரில் ஊருக்குள் வந்தோம்.