செத்த மரத்தின் இடம்

ஈப்போ சாலையில் ரப்பர் ஒட்டுப்பால் ஏற்றிய லாரியின் நாற்றம் இன்று காருக்குள் புகுந்ததும், ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் என் வகுப்புத் தோழி தேவியோடு பல்லுறுப்புக்கோவைகளை வகுத்துத் தோற்ற மாலைகளுக்கு நினைவில் போய்விட்டேன். சாதாரண அல்ஜீப்ராவிலேயே தடுமாறும் எங்களுக்குப் பரீட்சையில் தோற்றால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட அனுப்பிவிடுவார்களே என்ற பயம் வேறு. x³-க்கு அடுத்து x² இல்லாவிட்டால், பின்னால் இருக்கும் x-ஐ இழுத்து அங்கே எழுதிவிடுவேன், விடை வராது.

விடுமுறையில் அம்மாவோடு பால் வெட்டப் போய்வந்த தேவிதான் ஒருநாள் கத்தினாள்: "நிரையில ஒரு மரம் செத்துட்டா பக்கத்து மரம் நகர்ந்தா வருது? எடம் அப்படியேதானே இருக்கு. கோசோங் போடு லா!"

x² இடத்தில் பூஜ்யம் போட்டேன். மீதியில்லாமல் வகுபட்டது. இருட்டும்வரை கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தோம்.

தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வீடுகள். என் மனதில் அங்கே ஒரு கோசோங் போட்டு வைத்திருக்கிறேன், வேறெதுவும் நகர்ந்து வந்துவிடாதபடி.