காய்ந்த கண்ணில் தண்ணீர்

கண் வறட்சிக்காக இன்று வவுனியாவில் கண்ணுக்குக் கீழே லைற் அடிக்கும் சிகிச்சை செய்துவிட்டு, ஓமந்தைக்கு பஸ் ஏறினேன். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

பக்கத்துச் சீற்றில் அம்மாவின் சிநேகிதி.

"ஏன் தம்பி அழுறாய்?"

"அழேல்லை அன்ரி. கண் காஞ்சு போச்சு."

"காஞ்ச கண்ணிலை என்னெண்டு தண்ணி வரும்?"

இமையின் எண்ணெய்ச் சுரப்பி அடைபட்டால் கண் காயும், காய்ந்தால் எரிச்சலில் தண்ணீர் கொட்டும், லைற்றின் சூடு அடைப்பை இளக்கும் என்று ஓமந்தை வரை விளக்கினேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, என் கையைத் தட்டினார்.

"விடு தம்பி. போறவள் போகட்டும்."

வீட்டு வாசலில் அம்மா, கையில் போனோடு.

"ஆரடா அவள்?"

பெயர் சொன்னால்தான் இரவுச் சாப்பாடாம். அவளை யாருக்காவது தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.