பாதித் தாள் வாசித்த தலைவர்

ஜெரார்ட் எங்கள் செபக்குழுவுக்குப் பதினெட்டு ஆண்டுகளாகத் தலைவர். சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் ஒரு கடைவீட்டு மாடியில் ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கூடுவோம். முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கும். கைப்பிடி வைத்தது ஒன்றே ஒன்று. அது அவருடையது. ஒருமுறை புதிதாக வந்த கர்ப்பிணிப் பெண் தெரியாமல் அதில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் எழும்வரை ஜெரார்ட் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

அந்தப் பெண்ணுக்கு வேறு நாற்காலி எடுத்துப் போட்டவன் நான். குழுவின் செயலாளர். ஆகவே இதைச் சொல்லும்போது என்னையும் சேர்த்தே ஏளனம் செய்கிறேன்.

செங்காங்கில் வசிக்கும் ஜெரார்ட், ஒரு பாதுகாவல் நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். இருபது காவலாளிகள் அவரைக் கண்டதும் எழுந்து நிற்பார்களாம். அது வார நாட்களுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நாங்கள் கிடைத்தோம்.

மாதத்தின் முதல் ஞாயிறு அவர் பாடம் நடத்துவார். இஸ்ரயேலின் தலைவர்கள்தான் எப்போதும் பொருள். மோசே, யோசுவா, தாவீது என்று யாரை எடுத்தாலும் கடைசியில் அது ஜெரார்ட்தான். ஏர்கான் பழுதானால் மோசேயின் பாலைவனம். யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் மோசேக்கு எதிராக முணுமுணுத்த கூட்டம். பாடம் முடிந்ததும், "நேத்து முழுக்க செபத்துல உக்காந்து ஆண்டவர்கிட்ட வாங்கினது" என்பார்.

வாங்கியது ரோசம்மாவிடமிருந்து. கிளமெண்டியில் ஒரு பாலர் பள்ளியில் சமையல் செய்கிறவர் ரோசம்மா. வேலை முடிந்து ரயிலில் வரும்போது மடியில் நோட்டை வைத்து எழுதுவார். ஜெரார்டுக்குத் தமிழ் எழுத வராது, வாசிப்பதும் எழுத்துக் கூட்டித்தான். அதில் கேவலம் ஒன்றுமில்லை. எங்களில் பாதிப்பேர் அப்படித்தான். ஆனால் அவர் அதை மறைத்தார். "நீங்க சும்மா பாயிண்ட்ஸ் எழுதிக் குடுங்க, மீதிய ஆண்டவர் பாத்துக்குவார்" என்று ரோசம்மாவிடம் ஆறு வருடங்களுக்கு முன் சொன்னவர், ஒரு நாளும் அவர் பெயரைச் சொன்னதில்லை. எனக்கு இது தெரியும். நானும் சொன்னதில்லை.

ரோசம்மாவின் ஒவ்வொரு தாளிலும் மேல்பாதியில் தலைவரின் சாதனை இருக்கும், கீழ்ப்பாதியில் அவர் சறுக்கிய இடம். தாவீது எறிந்த கல் மேலே. மாடியிலிருந்து அடுத்தவன் மனைவியைப் பார்த்தது கீழே. மோசே கடலைக் கடந்தது மேலே. கோபத்தில் பாறையை அடித்து, வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குள் கால் வைக்காமலே செத்தது கீழே. ஜெரார்ட் பாதியில் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுவார்.

"அண்ணே, கீழ இருக்கறதுதானே பாடம்?" என்று ரோசம்மா ஒருமுறை கேட்டார்.

"ஜனங்க ஊக்கத்துக்கு வர்றாங்க ரோசம்மா. குத்தம் கேக்கவா வர்றாங்க? விடுங்க லா."

போன வருடம் ஆகஸ்டில் சாமுவேலின் முறை வந்தது. ஆளும் பொறுப்பை அரசனிடம் விட்டுவிட்டு, முதுமையில் மக்கள் முன் நின்று சாமுவேல் தன்னிடம் கணக்குக் கேட்கச் சொல்லும் இடம். அந்தத் தாளில் மடிக்க ஒன்றும் இல்லை என்று ஜெரார்ட் நினைத்திருக்க வேண்டும். கடைசிவரை வாசித்தார்.

"யாருடைய மாட்டை நான் எடுத்துக்கொண்டேன்? யாருடைய கழுதையை? யாரை ஏமாற்றினேன்? இருந்தால் இப்போதே சொல்லுங்கள்." குரலைத் தழைத்து, எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அதே கம்பீரத்தோடு அடுத்த வரியையும் வாசித்தார்: "இங்கே நிறுத்தி, பதிலுக்குக் காத்திருக்கவும்."

பல்கலைக்கழகத்தில் படிக்கும் டானியலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்கிள், அது உங்களுக்கு எழுதின இன்ஸ்ட்ரக்‌ஷன். யாரு எழுதிக் குடுத்தா?"

"எனக்கு நானே எழுதிக்கிட்டதுமா."

ரோசம்மா எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. "அது என் எழுத்து, ஜெரார்ட் அண்ணே. ஆறு வருஷமா என் எழுத்துதான். யார்கிட்ட எடுத்தேன்னு கேட்டீங்க, அதனால சொல்றேன்."

ஜெரார்டின் முகம் ஒரு கணம்தான் வெளுத்தது. "தலைவன்னா எல்லாரோட திறமையையும் பயன்படுத்தணும். சாமுவேலும் அப்படித்தான்," என்றார். பிறகு இறுதிச் செபத்தைத் தொடங்கினார். நாங்கள் இருபத்தெட்டுப் பேர் தலைகுனிந்தோம்.

தேநீரின்போது மூன்று பேர் ரோசம்மாவிடம் போய், தனியாகச் சொல்லியிருக்கலாமே என்றார்கள். நான் மசாலா அடைத்த ஒரு கறிபப்பைத் தட்டில் வைத்து அவரிடம் நீட்டினேன். என் வீரம் அவ்வளவுதான்.

ரயில் நிலையத்துக்கு நடக்கையில் அவரிடம், "வேணும்னுதான் அந்த வரிய எழுதுனீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. எங்க நிறுத்தணும்னு எல்லாத் தாள்லயும் எழுதுவேன், கீழ்ப்பக்கத்துல. பேசறதுக்கு முன்னாடி ஒரு தடவ வாசிச்சுப் பாப்பாருன்னு நெனச்சேன்." பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "பேரு சொல்லலன்னு எனக்கு வருத்தம் இல்ல. ஆறு வருஷத்துல ஒண்ணக்கூட அப்படி முழுசா வாசிச்சுப் பாக்கலையே."

அதன்பின் அவர் வரவில்லை. டானியலாவும் இன்னும் நாலு பேரும் இப்போது ரோசம்மாவின் கிளமெண்டி வீட்டில் கூடுகிறார்கள். முறைவைத்து ஆளுக்கொரு பகுதி வாசிக்கிறார்கள், ரோசம்மா விளக்குகிறார். மார்ச்சில் நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். "உக்காருங்க" என்றார், அவ்வளவுதான்.

ஜெரார்ட் அந்தச் செப்டம்பரில் தாள் இல்லாமலே பேசினார். நாற்பது நிமிடம் காவலாளிகளை அவர் நிர்வகித்த கதை. நடுவில் இருமுறை மோசே வந்தார், ஒருமுறை, தான் கடக்கவே கடக்காத யோர்தானைப் பிளந்தார். கூட்டம் மெல்லக் குறைந்து பதினொரு பேரில் நின்றது. அதற்கும் அவர் ஒரு தலைவரைக் கண்டுபிடித்துவிட்டார். கிதியோனின் பெரும்படையை ஆண்டவர் முந்நூறு பேராகக் குறைத்துத்தானே வெற்றி தந்தார்? "நம்மள வடிகட்டுறார்" என்று இப்போது மாதாமாதம் சொல்கிறாராம். வென்ற பிறகு கிதியோன் பொன்னில் ஒரு வழிபாட்டுப் பொருளைச் செய்து தன் ஊரில் வைத்ததும், ஜனங்கள் அதைக் கும்பிட்டுக் கெட்டுப்போனதும் அவருக்குத் தெரியாது. எழுதிக் கொடுக்க அங்கே யாரும் இல்லை.