சல்லிக் கரையில் நான் சொன்ன பொய்

இன்று எல்லோரும் கொண்டாடும் ஓர் இயக்குநரின் முதல் படத்தில் நான் உதவியாளனாக இருந்தேன். பாதிப் படம் மேடை நாடகம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் சல்லிக் கடற்கரையில் ஒரு பெண் மணலில் விழுந்து அலறும் காட்சி வரும்போது அரங்கமே மூச்சை அடக்கிக்கொள்ளும்.

அந்த அலறலுக்குக் காரணம் நான். நடிகைக்கு அழுகை வரவில்லை என்று இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த மனோன்மணி அக்காவிடம் ஓடிப்போய், "உங்கட மனுசன்ர படகு கவிழ்ந்திட்டுதாம்" என்று பொய் சொன்னேன். அவர் மணலில் விழுந்து அலற, கமரா ஓடியது. பிறகு வேறு யாரோ அவரிடம் உண்மையைச் சொன்னார்கள். நான் படக்குழுவின் வான் வண்டிக்குள் ஒளிந்துகொண்டேன்.

போன மாதம் ஓர்ஸ் ஹில்லில் ஒரு மண்டபத்தில் அந்தப் படத்தைத் திரையிட்டார்கள். அக்காவும் வந்திருந்தார். கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் அவரது கதிரையருகே போய், "அண்டைக்கு நான் செய்தது பெரிய பாவம் அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

அவர் சிரித்தார். "என்ர மனுசன் கடலுக்குப் போனா சைக்கிள் கரையில நிக்கும், தம்பி. நீங்கள் வரேக்க சைக்கிள் இல்லை. மனுசன் திரும்பி வந்து மீன் விக்கப் போயிட்டார் எண்டு எனக்குத் தெரியும்."

நான் கேட்டேன்: "அப்ப அந்த அழுகை?"

"நடிச்சனான். நீங்கள் எல்லாரும் தவிச்சுக்கொண்டு நிண்டீங்கள், பாக்கப் பாவமாக் கிடந்தது." பிறகு திரையைக் காட்டிக் கேட்டார்: "எல்லாற்ற பேரும் போகுது. என்ர பேரை ஏன் போடேல்லை?"

இத்தனை வருடமும் நான் அந்தப் பொய்க்காகத்தான் வருந்தினேன். அவர் நடித்திருக்கலாம் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெயர்ப் பட்டியலை எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.